நாலு டிரைவர், ஒரே வயர்: மீன் தொட்டி விளக்குகளுக்கு எந்த இணைப்பு சரி?

செடி வளர்க்கும் நாலடி நீள மீன் தொட்டிக்கு 30 வாட் எல்.இ.டி. விளக்கு நாலு போட்டால், கூடவே நாலு டிரைவரும் வந்துவிடும். வீட்டு மின்சாரத்தை விளக்குக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிதான் டிரைவர். ஃபில்டர், ஹீட்டர், ஏர் பம்ப் எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. சுவரில் இருப்பதோ ஒரு சுவிட்ச் பெட்டி, அதில் ஒன்றோ இரண்டோ சாக்கெட். விளக்குகள் நாலையும் ஒரே வயரில் சேர்த்து ஒரே ப்ளக்கில் முடித்துவிடலாமா என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. சேர்க்கலாம், அதில் தவறே இல்லை. ஆனால் சேர்ப்பதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது, உங்கள் டிரைவரில் ப்ளக் இருக்கிறதா, வெறும் வயர் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அதன் உடம்பு பிளாஸ்டிக்கா உலோகமா என்பதைப் பொறுத்தது.

முதலில் லோடு கணக்கை முடித்துவிடலாம். எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான், உண்மையில் பயமே தேவையில்லாத இடமும் அதுதான். நாலு விளக்கும் சேர்ந்து 120 வாட். டிரைவரில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 135 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவான டிரைவர்களில் பவர் ஃபேக்டர் 0.5, 0.6 என்றுதான் இருக்கும், அதாவது வாட் கணக்கில் வருவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். அதையும் கணக்கில் எடுத்தால் 230 வோல்ட்டில் சுமார் 1 ஆம்பியர் ஓடும். கடையில் கிடைக்கும் 0.75 ஸ்கொயர் எம்.எம். வயரே இதைச் சிரமமில்லாமல் தாங்கும். நாலு விளக்கு சேர்ந்தால் வயர் உருகிவிடும் என்று யாராவது சொன்னால், இந்த அளவு லோடுக்கு அது உண்மையில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, எர்த்தில்.

எல்.இ.டி. டிரைவர் என்பது ஒரு ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை. அதற்குள் மின் இரைச்சலை அடக்குவதற்காக பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடம்புக்குச் சின்ன கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். பழுது எதுவும் இல்லை, அதன் அமைப்பே அப்படி. ஒரு டிரைவருக்குத் தோராயமாகக் கால் மில்லி ஆம்பியரிலிருந்து அரை மில்லி ஆம்பியர் வரை. எர்த் வயர் சரியாக இருந்தால் அது பேசாமல் எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் உலோக உடம்பு 115 வோல்ட் பக்கத்தில் மிதக்கும். விளக்கின் அலுமினியப் பட்டையில் புறங்கை பட்டால் மெல்லச் சுருக்கென்று இழுக்கிறதே, அது இதுதான்.

இப்போது நாலையும் ஒரே வயரில் சேர்க்கிறீர்கள். நாலு உடம்பின் பச்சை வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, அந்த முனையைச் சுவர் எர்த்தோடு சேர்க்காமல் இரண்டு முனை ப்ளக் போட்டுவிட்டால், நாலு கசிவும் கூடி ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஒன்று முதல் இரண்டு மில்லி ஆம்பியர் வரை. மனித உடம்பு ஒரு மில்லி ஆம்பியர் அளவிலேயே உணர்ந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். நாலில் ஒரு டிரைவரில் இன்சுலேஷன் போய் பேஸ் உடம்பில் பட்டுவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் மற்ற மூன்று விளக்குகளின் உடம்பிலும் அதே நொடியில் 230 வோல்ட் ஏறிவிடும். தொட்டியில் ஒரு கையை விட்டுக்கொண்டு மறு கையால் விளக்கை நகர்த்துவது இந்தப் பொழுதுபோக்கில் தினப்படி வேலை. தனித்தனியாக இருந்தபோது ஒரு விளக்கோடு போயிருக்கும் ஆபத்து, எர்த் இல்லாமல் சேர்த்ததால் நாலுக்கும் பரவுகிறது. ஒரே வயரில் சேர்ப்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லும் ஒரே விஷயம் இதுதான்: பேஸும் நியூட்ரலும் சேர்ந்தால் எர்த்தும் சேர வேண்டும், அது சுவர் வரை போய்ச் சேர வேண்டும்.

பிளாஸ்டிக் உடம்போடு, சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்ட அடாப்டர்களுக்கு எர்த் வேண்டியதில்லை. அவை இரட்டை இன்சுலேஷன் வகை. உங்களிடம் இருப்பது அதுவா என்று லேபிளைப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

எளிய வழி: நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

டிரைவரோடு ப்ளக் வந்திருந்தால் அதை வெட்டவே வேண்டாம். நாலு சாக்கெட் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கிச் சொருகிவிட்டால் வேலை முடிந்தது. ஒன்று பழுதானால் பிடுங்கிவிட்டு வேறு போடலாம், வாரன்டி கெடாது, வீடு மாறினால் அப்படியே எடுத்துப் போகலாம். ஜாயின்ட் போடத் தெரியாதவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது.

ஆனால் எந்தப் பாக்ஸ் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சந்தையில் மலிவாக விற்கும் பலவற்றில் மேலே மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இரண்டுதான். எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. வாங்கும்போது வயரின் முனையைப் பாருங்கள். இரண்டு முனை ப்ளக் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மூன்று முனை என்றாலும் வீட்டுக்கு வந்ததும் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இரண்டு முனைகளுக்கு இடையே இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து, ப்ளக்கின் பெரிய முனைக்கும் ஒவ்வொரு எர்த் ஓட்டைக்கும் இடையே பீப் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மீட்டர் இல்லையென்றால் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்தது பிடிமானம். எல்லா நாட்டு ப்ளக்கும் நுழையும் ‘யுனிவர்சல்’ ஓட்டைகளில் அடாப்டரின் மெல்லிய இரண்டு முனைகள் தளர்வாக ஆடும். ஆடும் இடத்தில் சின்னச் சின்னப் பொறி பறக்கும், ஈரக்காற்றில் பித்தளை கருக்கும், கருத்தால் சூடாகும். 1 ஆம்பியர்தானே என்றாலும் தளர்ந்த முனை தளர்ந்த முனைதான். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, இந்திய வட்ட முனைக்கென்றே செய்த இறுக்கமான சாக்கெட் உள்ளதை எடுங்கள்.

அப்புறம், பாக்ஸைத் தரையில் போடக்கூடாது. தொட்டி கசிந்தால் தண்ணீர் முதலில் போகும் இடம் தரை. கேபினெட்டின் பக்கவாட்டுப் பலகையிலோ சுவரிலோ உயரத்தில் திருகி வையுங்கள். தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் முதலில் சாக்கெட்டை விடக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் சாக்கெட்டில் நுழைய வேண்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. காசு செலவில்லாத பாதுகாப்பு இது, ஆனால் இதைச் செய்யாத வீடுகள்தான் அதிகம்.

கம்ப்யூட்டர் பவர் கார்டு வகை

சில பவர் சப்ளைகளின் பின்னால், கம்ப்யூட்டர் சி.பி.யூ.வில் இருப்பது போன்ற மூன்று முனைக் குழி இருக்கும். அதற்கு ஒன்றை இரண்டாக, நாலாகப் பிரிக்கும் ரெடிமேட் கார்டுகள் கிடைக்கின்றன. எர்த் தொடர்ச்சி உள்ளேயே வார்க்கப்பட்டு வருகிறது, நாம் எந்த முனையையும் தொட வேண்டியதில்லை. உங்கள் சப்ளை இந்த வகை என்றால் யோசிக்காமல் இதையே வாங்குங்கள். மீன் தொட்டி விளக்குகளில் இது அரிது என்பதுதான் குறை.

இணைப்புப் பெட்டி: வெறும் வயர் உள்ள டிரைவர்களுக்கு

தாமே விளக்கு செய்கிறவர்களும், சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்குகிறவர்களும் வந்து நிற்கும் இடம் இது. டிரைவரில் ப்ளக் இருக்காது, இரண்டு பக்கமும் வயர்தான். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ப்ளக் மாட்டி எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகலாம், அதுவும் நல்ல வழிதான். ஆனால் நாலும் எப்போதும் சேர்ந்தே எரியும் என்றால், மூடி போட்ட ஒரு பி.வி.சி. பெட்டிக்குள் ஒரு வயரைக் கொண்டுவந்து நாலாகப் பிரிப்பதுதான் சுத்தமான வேலை.

சுத்தமாகச் செய்தால் மட்டும். செய்முறையை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறு நடக்கும் இடங்கள் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

உள்ளே வரும் வயர் 3 கோர் (ஒரே உறைக்குள் மூன்று வயர்), 1 ஸ்கொயர் எம்.எம்., செப்பு. 1 ஆம்பியருக்கு இது அதிகம்தான். ஆனால் வயர் தடித்தால் மேலுறையும் தடித்திருக்கும், இழுத்தால் நசுங்காது. பெட்டி ஐ.பி.65 தரம், அதாவது தூசியும் தெறிக்கும் தண்ணீரும் புகாதது. வயர் நுழையும் ஒவ்வொரு துளையிலும் கேபிள் கிளாண்ட். வயரை யாராவது கால் தடுக்கி இழுத்தாலும் அந்த இழுப்பு உள்ளே இருக்கும் ஜாயின்ட்டுக்குப் போகாமல் கிளாண்ட் பிடித்துக்கொள்ளும். துளைகள் பெட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும். மேல்பக்கத் துளை காலப்போக்கில் தண்ணீருக்கு வழிவிடும்.

உள்ளே பிரிப்பதற்கு நெம்புகோல் வைத்த கனெக்டர்கள் நல்லவை. வாகோ நிறுவனத்தின் 221 வகையில் மூன்று வழி, ஐந்து வழி என்று வருகிறது. ஐந்து வழி இங்கே கச்சிதம், உள்ளே ஒன்று, வெளியே நாலு. பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, மூன்றே கனெக்டரில் முடிந்துவிடும். 4 ஸ்கொயர் எம்.எம். வரை பல இழை வயரையும் நேரடியாகப் பிடிக்கும். அது கிடைக்காத ஊரில் திருகு வைத்த ஸ்ட்ரிப் கனெக்டர் போடலாம். ஆனால் இழைகளை அப்படியே திருகின் அடியில் நசுக்காமல், முனையில் குழல் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) அடித்து நுழையுங்கள். முனைக்கு ஈயம் பூசித் திருகுவது பலர் நினைப்பது போல நல்ல பழக்கம் இல்லை. ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல விலகிக் கொடுக்கும், சில மாதத்தில் திருகு தளர்ந்துவிடும்.

பேஸ் கனெக்டருக்கு முன்னால் ஒரு 3 ஆம்பியர் ப்யூஸ், மூடிய ஹோல்டரில். இது ஏன் என்றால், இந்திய ப்ளக்கில் ப்யூஸ் கிடையாது. சுவருக்குப் பின்னால் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்) இருந்தால், பழுதான டிரைவர் ஒன்று 8 ஆம்பியர் இழுத்துக்கொண்டு கருகினாலும் எம்.சி.பி. கண்டுகொள்ளாது. டிரைவருக்குள்ளேயே ப்யூஸ் இருக்க வேண்டும், ஆனால் மலிவான சிலவற்றில் இருப்பதில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்த வேலை மிச்சம்: அங்கே சதுர முனை ப்ளக்கிலேயே ப்யூஸ் இருக்கிறது, 13 ஆம்பியரை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போட்டால் போதும்.

நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு என்றால் பேஸ், கறுப்பு என்றால் நியூட்ரல். எல்.இ.டி. டிரைவரில் பெரும்பாலும் பழுப்பும் நீலமும்தான் 230 வோல்ட் உள்ளே போகும் பக்கம். சிவப்பும் கறுப்பும் விளக்குக்குப் போகும் டி.சி. பக்கம். வீட்டு வயரிங் பழகிய கை, பழக்கத்தில் சிவப்பு கறுப்பைத் தேடி எடுத்துச் சுவரோடு இணைத்துவிடும். ஸ்விட்ச் போட்ட மாத்திரத்தில் டிரைவர் வெடிக்கும். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்தாலும், டிரைவர் லேபிளில் எது உள்ளீடு எது வெளியீடு என்று விரல் வைத்துக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று: சேர்ப்பது உள்ளே வரும் பக்கத்தை மட்டும்தான். டிரைவர்களின் வெளியீட்டை ஒன்றோடொன்று இணைக்கக்கூடாது. ஒவ்வொரு டிரைவரும் தன் விளக்குக்கு மட்டும் என்று அளந்த கரண்ட்டைக் கொடுக்கிறது. வெளியீட்டில் கலந்துவிட்டால் ஒரு விளக்குக்கு அதிகமாகப் போய்ப் பட்டை கருகும்.

டிரைவர்களையும் அதே பெட்டிக்குள் அடைக்கலாமா? வேண்டாம் என்பேன். 120 வாட் விளக்குக்கு டிரைவர்கள் 12 முதல் 15 வாட் வரை சூடாக வெளியேற்றும். காற்றுப் போகாத பிளாஸ்டிக் பெட்டியில், சித்திரை வெயிலில் 38, 40 டிகிரி இருக்கும் அறையில், அந்தச் சூடு எங்கே போகும்? டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். ஜாயின்ட் மட்டும் பெட்டிக்குள், டிரைவர்கள் வெளியே காற்றில், நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு. தொட்டியின் மூடிக்குள், தண்ணீருக்கு நேர் மேலே டிரைவரை வைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

முறுக்கி டேப் சுற்றுவது பற்றி இரண்டு வரி போதும். தொட்டிக்குக் கீழே இருக்கும் ஈரத்தில் டேப்பின் பசை ஒரு கோடையில் இளகி வழிந்துவிடும், உள்ளே செப்பு பச்சை பூத்துவிடும். இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகுவதும் அப்படித்தான்.

நாலு டிரைவருக்குப் பதில் ஒரே டி.சி. சப்ளை

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய வழி இது. 24 வோல்ட்டில் எரியும் விளக்குகளாகவே எடுத்துக்கொண்டு, 150 வாட் சப்ளை ஒன்றைத் தொட்டியிலிருந்து தள்ளிச் சுவரில் மாட்டிவிடலாம். தொட்டிப் பக்கம் வருவது 24 வோல்ட் மட்டும். சப்ளை நல்லதாக, உள்ளும் வெளியும் முறையாகப் பிரிக்கப்பட்டதாக இருந்தால், விளக்கு தண்ணீரில் விழுந்தாலும் உயிருக்கு ஆபத்து வராது. மற்ற எந்த வழியும் தர முடியாத நிம்மதி இது.

12 வோல்ட்டை விட 24 வோல்ட்டை நான் விரும்புவதற்குக் காரணம் வயரில் இழக்கும் வோல்ட்டேஜ். சப்ளை 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர் என்று வையுங்கள். 120 வாட்டுக்கு 24 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும், வழியில் 0.35 வோல்ட் போகும், ஒன்றரை சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடும், 0.7 வோல்ட் போகும், கிட்டத்தட்ட ஆறு சதவீதம். கடைசி விளக்கு மங்கும்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குறைந்த வோல்ட்டேஜ்தானே என்று ப்யூஸைத் தவிர்க்கக்கூடாது. விளக்குக்குப் போகும் மெல்லிய வயர் எங்காவது நசுங்கி ஒட்டிக்கொண்டால், 150 வாட் சப்ளை தன் முழு பலத்தையும் அந்த ஒரு வயரில் இறக்கும். கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் பட்டை ப்யூஸ் பெட்டி இதற்கு அருமையாகப் பொருந்தும்: ஒரு உள்ளீடு, நாலு வெளியீடு, ஒவ்வொன்றிலும் ஒரு 3 ஆம்பியர் ப்யூஸ்.

குறை என்னவென்றால் சப்ளை போனால் நாலு விளக்கும் அணையும். செடித் தொட்டிக்கு இரண்டு நாள் இருட்டு ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே வாங்கிய, தனக்கென்று டிரைவர் உள்ள விளக்குகளை இந்த முறைக்கு மாற்ற நினைக்காதீர்கள். அவற்றில் பல குறிப்பிட்ட கரண்ட்டுக்கு அளந்து செய்தவை, நேராக 24 வோல்ட் கொடுத்தால் போய்விடும்.

எந்த வழியானாலும்

ஆர்.சி.சி.பி. இல்லாமல் மீன் தொட்டி வேண்டாம். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது, நம் எலக்ட்ரீஷியன்கள் ஈ.எல்.சி.பி. என்று சொல்லும் அதே காவலன்தான். 30 மில்லி ஆம்பியர் வகை. வீடு முழுவதற்கும் ஒன்று இருந்தாலும், விளக்குகளின் இந்த ஒரு வயருக்கு எம்.சி.பி.யும் அதுவும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. ஒன்றை, வீட்டுக் காவலனின் கீழ் வராதபடி தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. விளக்கில் கசிவு வந்து டிரிப் ஆனால் விளக்கு மட்டும் அணையும், ஃபில்டரும் ஏர் பம்பும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே காவலனின் கீழ் இருந்து, நீங்கள் ஊரில் இல்லாத இரவில் ஒரு டிரைவரால் டிரிப் ஆனால், காலைக்குள் மூச்சுத் திணறி மீன்கள் செத்து மிதக்கலாம். ஒரே வயரில் சேர்ப்பது விளக்குகளை மட்டும். உயிர் காக்கும் கருவிகளை அந்த வயரில் ஏற்றக்கூடாது. இந்தப் பகுதி வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்குவது மட்டும் உங்கள் பொறுப்பு.

டைமர் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓடும்போது 1 ஆம்பியர் இழுக்கும் டிரைவர்கள், ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரை நிரப்பப் பல பத்து ஆம்பியர் இழுக்கும், ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு. மீன்வெல் (Mean Well) நிறுவனத்தின் எல்.இ.டி. டிரைவர்கள் பலவற்றின் விவரத் தாளில், ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் எத்தனை யூனிட் போடலாம் என்றே தனி வரி இருக்கும். நாலும் ஒரே டைமரில் ஒரே கணத்தில் எழுந்தால் டைமரின் ரிலே முனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்கு அணைய வேண்டிய விளக்கு விடிய விடிய எரியும், பாசி மண்டும். டைமரில் 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர் போன்ற லோடுக்கு. இரண்டிரண்டாகப் பிரித்து ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு டைமர் வைக்கலாம், அல்லது டைமர் ஒரு சின்ன கான்டாக்டரை (பெரிய லோடைத் தாங்கும் மின்காந்த ஸ்விட்ச்சை) இயக்க, விளக்குகளை கான்டாக்டர் இயக்கட்டும்.

என் தேர்வைக் கேட்டால்: ப்ளக்கோடு வந்த விளக்குகளுக்கு, எர்த் சோதித்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வெறும் வயர் டிரைவர்களுக்கு, ப்யூஸ் வைத்த இணைப்புப் பெட்டி. இன்னும் ஒன்றும் வாங்காதவர்களுக்கு, தயங்காமல் 24 வோல்ட். கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் பழைய விளக்குகளை விற்றுவிட்டாவது 24 வோல்ட்டுக்குப் போகலாம். தெறிக்கும் உப்புநீர் காய்ந்து சாக்கெட் முனைகளில் வெள்ளையாகப் படியும், அந்தப் படிவு ஈரத்தை இழுத்து மின்சாரத்தைக் கடத்தும். அங்கே 230 வோல்ட் ஜாயின்ட்டுகள் கேபினெட்டுக்கு வெளியே இருப்பதே நல்லது.

இணைத்து முடித்ததும், ப்ளக்கைச் சொருகுவதற்கு முன் ப்ளக்கின் எர்த் முனைக்கும் ஒவ்வொரு உலோக விளக்கு உடம்புக்கும், டிரைவர் உடம்புக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். டி.சி. வயரில் எரியும் விளக்கின் உடம்பு எர்த்தோடு சேராமல் இருக்கலாம், அப்போது டிரைவர் உடம்பில் காட்டினால் போதும். பிறகு மூன்று மணி நேரம் எரியவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கி, கையைத் துடைத்துவிட்டு, பெட்டியின் மேலும் கிளாண்ட் அருகிலும் ப்ளக்கின் முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். 1 ஆம்பியர் ஓடும் இடத்தில் எந்த ஜாயின்ட்டும் சூடாகக் காரணமே இல்லை. வெதுவெதுப்பாகத் தெரிந்தால் அன்றே திறந்து அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.